பாதி ஆட்டக்காரர்கள்

எனக்கு முதல் பாதிதான் ஆடத் தெரியும். இரண்டாம் பாதி அவனுடையது. வீடியோ கேம் கால்பந்தில் இப்படி ஒரு ஏற்பாடு உலகத்தில் வேறெங்காவது இருக்குமா, தெரியாது. புதுக்கோட்டையை ஒட்டிய திருக்கோகர்ணத்தில், என் நண்பன் வீட்டு ஹாலில் இருந்தது. அவன் சித்தப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த கேம் பெட்டியோடு ஒரே ஒரு கன்ட்ரோலர்தான் வந்தது. "அடுத்த தடவ வரும்போது இன்னொண்ணு கொண்டாரேன்" என்றார் மனிதர். அடுத்த தடவை வந்தவர் பாதாம் பருப்பும் தலைவலித் தைலமும் கொண்டுவந்தார்.

ஆகவே ஆட்டத்தைப் பங்கு போட்டுக்கொண்டோம். இடைவேளை விசில் அடித்ததும் நான் இடது கையால் கன்ட்ரோலரை நீட்டுவேன், அவன் வாங்கிக்கொள்வான். ஒரு வார்த்தை பேச மாட்டோம். நான் கோல் விடாமல் கட்டிக் காப்பேன். அவன் வந்து கோல் அடிப்பான். அவனுக்குத் தடுக்கத் தெரியாது, எனக்கு அடிக்கத் தெரியாது. இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு நல்ல ஆட்டக்காரன் தேறுவான்.

கல்லூரி முடித்து வேலை தேடுகிறோம் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. காலைச் சாப்பாடு முடிந்ததும் பஸ் ஏறி அவன் வீட்டுக்குப் போய்விடுவேன். அவன் அம்மா, "வாங்க தம்பி, ஒங்க ஆபீஸ் தெறந்துருக்கு" என்பார்கள். மதியம் எனக்கும் சேர்த்தே உலை வைப்பார்கள். அந்த வீட்டு ரசத்தின் ருசி இப்போதும் நாக்கில் இருக்கிறது. சும்மா சொல்லக்கூடாது, என் வாழ்க்கையிலேயே நான் நிம்மதியாக இருந்தது அங்கேதான்.

ஆன்லைனில் முகம் தெரியாதவர்களோடு ஆடி ஆடிப் புள்ளிகள் சேர்த்தோம். ஒவ்வொரு படியாக மேலே ஏறினோம். ஒரு நாள் மெயில் வந்தது. உலகப் போட்டிக்கான தகுதிச்சுற்றுக்கு எங்கள் கணக்கைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வீட்டிலிருந்தே ஆடும் இந்தச் சுற்றில் ஜெயித்தால் பெங்களூரில் நேரடி ஆட்டம். அதில் ஜெயித்தால் ஆசிய அளவில், அதற்கு மேல் உலகம். பெங்களூருக்கு ஆட்டக்காரர் தன்னோடு ஒரு பயிற்சியாளரையும் கூட்டிவரலாம். "நாந்தான்டா கோச்சு" என்று அவன் சோபாவின் மேல் ஏறிக் குதித்தான்.

மெயிலின் அடியில் விதிகள் இருந்தன. கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் முழு ஆட்டமும் ஆட வேண்டும். ஆதார் கார்டைக் காட்ட வேண்டும். கேமரா ஓடிக்கொண்டே இருக்கும், நடுவர் பார்த்துக்கொண்டே இருப்பார். கணக்கு என் பெயரில் இருந்தது. அதைத் தொடங்கிய அன்று அவன் போனுக்கு ஓடிபி வரவில்லை, என் போனுக்கு வந்தது. அவ்வளவுதான் காரணம்.

எனக்கு இது விளையாட்டு. அவனுக்கு அப்படி இல்லை. சித்தப்பா அவனுக்கு விசா ஏற்பாடு செய்துவிட்டார். இலுப்பூர்ப் பக்கம் கடலை வாங்கி விற்கும் அவன் அப்பா, பையன் போயே தீர வேண்டும் என்று நின்றார். அவனுக்கோ ஊரை விட்டுப் போக அறவே மனமில்லை. இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து அப்பாவிடம் ஒரு வாக்கு வாங்கினான். "ரெண்டு பேரும் அந்தப் பெங்களூருப் போட்டிக்குப் போயிட்டீங்கன்னா ஒரு வருசம் இருந்து பாரு. இல்லேன்னா வாயத் தொறக்காமப் பிளேன் ஏறணும்" என்றார் அவர்.

அன்றிலிருந்து எனக்கு முழு ஆட்டப் பயிற்சி. இடைவேளை வந்தால் அவன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். "அடிடா! பூந்து அடிடா! கோலு என்ன ஒங்க வீட்டுச் சொத்தா, பூட்டி வைக்க?" என்று கத்துவான். எனக்குக் கோபம் வரும், கன்ட்ரோலரை வைத்துவிட்டு எழுந்து போவேன். பத்து நிமிஷத்தில் அவன் அம்மா காப்பியோடு சமாதானம் பேச வருவார்கள். மெல்ல மெல்ல எனக்கும் கோல் அடிக்க வந்தது.

ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை மதியம். போனை அரிசி டப்பாவின் மேல் சாய்த்து வைத்துக் கேமராவை ஓட விட்டோம். அவன் கேமராவுக்குத் தெரியாமல் என் இடது பக்கம் தரையில் உட்கார்ந்தான். அவன் அப்பா சட்டை மாற்றாமல் வாசல் அறையில் காத்திருந்தார். அடுப்படியில் சத்தமே இல்லை.

நம்ப மாட்டீர்கள், முதல் பாதியில் நானே ஒரு கோல் அடித்தேன். நான்! வாயைத் திறந்து கத்தக்கூட முடியாமல் அவன் என் முழங்காலைக் கிள்ளினான். இடைவேளை விசில் அடித்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். மூச்சு விட்ட கையோடு இடது கையை நீட்டினேன். அவன் வாங்கிக்கொண்டான்.

ஐந்து விநாடி இருக்கும். அவன் கட்டைவிரல்கூடப் பட்டனில் போய் உட்கார்ந்துவிட்டது. அப்புறம்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். போனில் நடுவரின் குரல் இந்தியில் ஏதோ கேட்டது. திரையில் ஆட்டம் நின்றது.

கொஞ்ச நேரத்தில் மெயில் வந்தது. அவன் அப்பா, "என்ன போட்டிருக்கான், படி" என்றார். நான்தான் படித்துத் தமிழில் சொன்னேன். இன்னொருவர் கை கன்ட்ரோலரைத் தொட்டதால் நீக்கம். அவ்வளவுதான் இருந்தது. யாரோ தொட்டார்கள் என்று இருந்தது, யார் நீட்டினார்கள் என்று இல்லை.

"ஒங்கையி செத்த நேரம் சும்மா இருக்காதாடா?" என்று அவர் மகனைப் பார்த்துக் கத்தினார். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "பழக்கதோசத்துல தொட்டுட்டேம்ப்பா" என்றான். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் நீட்டினேன் என்று அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என்னை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

அடுத்த மாதம் திருச்சியில் பிளேன் ஏறினான். துபாயில் ஒரு கிடங்கில் வேலை. நான் புதுக்கோட்டையிலேயே ஒரு ஆபீசில் உட்கார்ந்துவிட்டேன்.

போன வாரம் வீடியோ காலில் வந்தான். குசலம் விசாரித்துவிட்டு, "ஏன் மாப்ள, எங்க வீட்டுப் பக்கமே போறதில்லயாமே? அம்மா கேட்டுச்சு" என்றான். அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை.

"அன்னைக்கு நீட்டுனது நாந்தான்டா. ஒங்கப்பாகிட்ட நான் சொல்லவே இல்ல. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போறது?"

அவன் சிரித்தான். "அட லூசு! நீ நீட்டாமயா நான் வாங்குனேன்? எனக்குத் தெரியாதா? ஒம்பேரச் சொல்லியிருந்தா எங்கப்பா ஒன்னய வாசப்படி ஏற விட்டிருப்பாரா? நாந்தான் போறேன், நீயாச்சும் வந்து போயி இருந்தா அம்மாவுக்கு ஒரு ஆறுதலா இருக்குமேன்னுதான்டா எம்மேல போட்டுக்கிட்டேன்."

அவன் போய் மூன்று வருஷமாகிறது. மூன்று வருஷமும், அவன் அப்பா இலுப்பூர்ப் பக்கம் போய்விடுகிற மதியமெல்லாம், அந்த அம்மா தனியாக உட்கார்ந்துதான் சாப்பிட்டிருக்கிறார்கள்.