முள் இறங்காத நாள்

புதுக் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுக்கக் காலை பத்து மணிக்குப் பம்பை ஓடவிட்டோம். பன்னிரண்டு மணிக்கும் மீட்டர் முள் பாதி வழியிலேயே நின்றது. முதலாளி முள்ளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

அப்போது ஆரப்பாளையத்தில் ஒரு பட்டறையில் ஆர்கான் வெல்டராக இருந்தேன். மில்லுக்கும் பால் பண்ணைக்கும் ஸ்டீல் டேங்க் செய்கிற பட்டறை. இப்போது அந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. ஆர்கான் சிலிண்டர் திறக்கிற சத்தம் எங்காவது கேட்டால் இன்றைக்கும் எனக்குக் கை துறுதுறுக்கும்.

வடக்கே ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் எலக்ட்ரானை வட்டமாக ஓடவிடும் பெரிய எந்திரம் இருந்தது. எலக்ட்ரான் வளைந்து திரும்பும் இடத்தில் எக்ஸ்ரே வரும், அதை வைத்து ஆராய்ச்சி. எந்திரத்தின் சக்தியைக் கூட்டப் பழைய குழாய்களை மாற்றினார்கள். குழாய்க்குள் காற்று என்று ஒன்று இருக்கவே கூடாது. பத்துக் குழாய்க்கு எங்களிடம் ஆர்டர் பேசினார்கள். முதல் குழாய் டெஸ்டில் தேறினால்தான் மற்ற ஒன்பதும்.

அதை என்னிடம் கொடுத்தது பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை. என் அப்பா கொட்டாம்பட்டிப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர். குழாய் ஒழுகினால் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

நிலையத்து இன்ஜினியர் முன்பே ஒரு முறை வந்து சொல்லித் தந்திருந்தார். உள்பக்கத்தை அசிட்டோனில் கழுவி, இரண்டு வாயையும் பாலித்தீனால் கட்ட வேண்டும். உள்ளே விரல் படக்கூடாது. வெளியே பெயின்ட், பொட்டு எதுவும் கூடாது. பதினொரு நாள் அப்படியே வேலை பார்த்தேன்.

முள் பாதியில் நின்ற அன்றைக்கு முதலாளி எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

"மம்பட்டி பிடிச்ச கையில இதக் குடுத்தது என் தப்புய்யா."

லேத் பிடிக்கும் ராசு தன் பங்குக்கு, "மாப்ள, கொட்டாம்பட்டி பஸ்ஸு நாலு மணிக்கு" என்றான்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஓட்டை எங்கன்னு காட்டச் சொல்லுங்க. இருந்தா நானே போறேன்" என்றேன்.

டெஸ்டுக்கு வந்திருந்த இன்ஜினியர் வெல்டிங் ஓரமாக இஞ்ச் இஞ்சாக ஹீலியம் ஊதினார். ஓட்டை இருந்தால் அவர் கொண்டுவந்த மெஷின் கத்தும். அரை மணி நேரம் ஊதியும் அது கத்தவில்லை.

"வெல்டு சுத்தமா இருக்குங்க. உள்ளதான் ஏதோ ஆவியாகிக்கிட்டே இருக்கு."

பம்பை நிறுத்திக் குழாயைத் திறந்தார். கம்பியில் வெள்ளைத் துணி சுற்றி உள்ளே விட்டார். துணி மஞ்சளாக வந்தது, ஓரத்தில் சிவப்பு. மோந்து பார்த்தார்.

"சந்தனமா? யார் வச்சது?"

பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். செய்து முடித்த எந்த ஜாப்புக்கும் முதலாளி தன் கையால் சந்தனம், குங்குமம் வைப்பார். வெளியே வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டதால், காலையில் பாலித்தீனை அவிழ்த்து உள்ளே வைத்திருக்கிறார். சாமி கும்பிடுவதை நான் குறை சொல்லவில்லை. வைத்ததைச் சொல்லாமல் என்னைத் திட்டியதைத்தான் சொல்கிறேன்.

முதலாளி கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ராசு என்னைப் பார்த்து வேண்டாம் என்று கண்ணைக் காட்டினான்.

"முதலாளி வச்சது சார்" என்றேன்.

கையுறை போட்டுக்கொண்டு குழாயை மறுபடி கழுவினேன். மறுநாள் மதியத்துக்குள் முள் இன்ஜினியர் கேட்ட இடத்துக்கு இறங்கியது. நான் பின்பக்கம் போய் வெகுநேரம் முகம் கழுவினேன்.

முதலாளி கடைசிவரை வருத்தம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் மற்ற ஒன்பது குழாயும் நான்தான் செய்தேன். இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். உன் வேலை சரியென்று தெரிந்தால் டெஸ்ட் முடியும்வரை தலையைக் குனியாதே. முடிந்த பிறகு உண்மையைச் சொல்லப் பயப்படாதே.

டெஸ்ட் ரிப்போர்ட்டில் வெல்டர் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது. பட்டறை பெயரே போதும் என்றார் முதலாளி. இன்ஜினியர் கட்டத்திலிருந்து பேனாவை எடுக்காமல் என்னைப் பார்த்தார்.

"இது வெல்டர் பேருக்கான இடம். நீங்க சொல்லுங்கண்ணே. இனிஷியல்?"

இனிஷியல் சொல்லவில்லை. அப்பா பெயரை முழுசாகச் சொன்னேன்.