செப்புமுகன் வந்த இதழ்

ஈரக் கட்டைவிரலால் புரட்டினால் அட்டையின் செம்பழுப்பு மை விரலில் ஒட்டிக்கொள்ளும். முகர்ந்தால் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது, ஆடி மாதத்து இரண்டாம் சனிக்கிழமை, ஓசூர் பழைய பேருந்து நிலையத்துக் கடையில் வாங்கிய சித்திரக்கதை அது. மற்ற இதழ்களில் முதல் பக்கத்திலேயே பறந்து வந்துவிடும் மின்னல் காவலன், இதில் கடைசி இரண்டு பக்கங்களில்தான் தலைகாட்டுவான். மீதியெல்லாம் வில்லனின் கதை. உலையில் செம்பு தெறித்து ஒரு பக்க முகம் வெந்துபோன தொழிலாளி, தன்னைப் பார்த்துச் சிரித்த ஊரின் கண்ணாடிகளையெல்லாம் உடைத்துத் திரிவான். பெயர் செப்புமுகன்.

எங்கள் வகுப்பு ரத்னாவுக்கு இடக்கன்னம் முழுக்கக் கொதிநீர் பட்ட தழும்பு. முதல் மதிப்பெண் எப்போதும் அவளுக்கு, இரண்டாவது எனக்கு. மதிய இடைவேளையில் நான் இதழை உரக்கப் படித்தபோது, காவலன் எப்போது வருவான் என்று எல்லாரும் கேட்டார்கள், அவள் மட்டும், "இவன் தப்பிச்சுக்குவானா?" என்று கேட்டாள்.

"ஏன்டி, உன் சொந்தக்காரனா?" என்றேன்.

பள்ளி விடுவதற்குள் அவள் பெயர் "செப்புமூஞ்சி" ஆகிவிட்டது.

எங்கள் தெருவில் பாதி வீடுகளில் தெலுங்கு. ரத்னா வீட்டிலும் தெலுங்குதான். தமிழில் செப்பு என்றால் தாமிரம், தெலுங்கில் செருப்பு. தெருமுனையில் நின்று அந்தப் பெயரைக் கூவினால் இரண்டு மொழிக்காரர்களும் இரண்டு விதமாகச் சிரிப்பார்கள். அதற்காகத்தான் அந்தப் பெயரை வைத்தேன். மூன்று வாரம் கூவினோம். ஒருத்தி தன் செருப்பைக் கழற்றி ரத்னாவின் கன்னத்தருகே பிடித்து, ஜோடி சேர்கிறதா என்றுகூடப் பார்த்தாள்.

ஒரு திங்கட்கிழமை ரத்னாவின் அம்மா, கம்பெனியில் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்தார்.

"எம் பொண்ணு மூஞ்சி செருப்பா டீச்சர்? நீங்களே செப்பண்டி."

டீச்சர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். என்னைக் கூப்பிட்டார். நான் இதழை நீட்டினேன். "தாமிரம்னு அர்த்தம் டீச்சர். கதையில வர்றவன் பேரு."

அகராதி வந்தது. டீச்சர் சொல்லின்மேல் விரல் வைத்துக் காட்டினார். தமிழ் படிக்கத் தெரியாத அந்த அம்மா, விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாஷ தெரியாம சண்டைக்கு வரக் கூடாதும்மா. இவ நல்லாப் படிக்கிற பொண்ணு. ஒரு சாரி சொல்லிட்டுப் போங்க."

அவர் என்னிடம், "தப்பாயிடுச்சு பாப்பா" என்றார்.

அப்போதுதான் ரத்னா வாய் திறந்தாள். "எங்க வீட்டுக்கு வந்தா இவ தெலுங்குலதான் பேசுவா டீச்சர். இவளுக்கு ரெண்டும் தெரியும்."

"எனக்குத் தெலுங்கு தெரியாது டீச்சர்" என்றேன். வகுப்பில் அத்தனை பேருக்கும் உண்மை தெரியும், ஒருத்தியும் பேசவில்லை. பொய் சொன்னதற்காக ரத்னாவை டீச்சர் முட்டி போடச் சொன்னார். அம்மா வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார்.

காலாண்டுத் தேர்வுக்கு ரத்னா வரவில்லை. சூளகிரிப் பக்கம் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். முதல் மதிப்பெண் எனக்குக் கிடைத்தது.

இன்று அந்தக் கடை இருந்த இடத்தில் கைபேசி விற்கிறார்கள். எங்கள் தெருவின் தெலுங்கு வீடுகள் கைமாறிவிட்டன. கம்பெனி வேலைக்கு வந்த இளைஞர்கள் அங்கே இந்தி பேசுகிறார்கள். போன மாதம், பழைய சித்திரக்கதை சேகரிப்பவர்கள் வெளியிடும் மலருக்கு அந்த இதழைப் பற்றிக் குறிப்பு கேட்டார்கள். பக்க எண்ணிக்கை, தாளின் தரம், அச்சுப்பிழைகள் எல்லாவற்றையும் எழுதினேன். வில்லனின் பெயருக்கு நேரே, "செப்பு: தாமிரம்" என்று மட்டும் எழுதி அனுப்பினேன். சரிபார்த்த சென்னைக்காரர், திருத்த ஒன்றுமே இல்லை என்று பாராட்டினார்.