மதிலுக்கு அந்தப் பக்கத்துத் திராட்சை

எங்கள் திராட்சைக்கொடிக்கு நன்றியே கிடையாது. நட்டது நான், பந்தல் போட்டதும் நான். அது மதிலைத் தாண்டிப் போய்ப் பக்கத்து வீட்டில்தான் கொத்துக் கொத்தாகக் காய்க்கிறது.

இன்று காலை பக்கத்து வீட்டு கமலா அக்கா, டிரான்சிஸ்டரை மதில்மேல் வைத்துவிட்டு, ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டே கேட்டார்: "இன்னா தித்திப்பு! கொடிக்கு இன்னாடி ஒரம் போடுறே?"

அக்கா முட்டைகூடத் தொடாத சுத்த சைவம். நான் பதிலை மென்று விழுங்கினேன்.

அந்த நேரம் பார்த்து, மாமல்லபுரம் பஸ்ஸில் வந்த மீன்கார அஞ்சலை எங்கள் வாசலில் கூடையை இறக்கினாள்.

"ஒரமா? தெனம் என் மீனைக் கழுவுன தண்ணியத்தான் இந்தம்மா வேருல ஊத்திகினு கீது!"

அக்காவின் வாய் அப்படியே நின்றது. போச்சு, இன்றைக்கே கொடியை வெட்ட அரிவாளை எடுத்துவிடுவார் என்று நினைத்தேன்.

அக்கா மதிலைப் பார்த்தார். பழத்தை விழுங்கினார்.

"வேரு உன் வூட்லதானே கீது? எங்க பக்கம் வெறும் பழந்தானே வருது."

இன்னொரு கொத்தைப் பறித்துக்கொண்டு நடந்தவர், திரும்பிப் பார்த்து, "தண்ணி ஊத்துறத நிறுத்திடாதே" என்றார்.

மீனைச் சைவமாக்க எவ்வளவு உயர மதில் வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எங்களுக்கு இடுப்பளவே போதுமாக இருக்கிறது.