பௌர்ணமியன்று வைத்த கூட்டம்

நான் எந்தக் கூட்டத்துக்குத் தேதி குறித்தாலும், என் மனைவி சுவரிலிருக்கும் தினசரிக் காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் சரி என்பாள். திருவண்ணாமலையில் பௌர்ணமியன்று மலை சுற்றுவதைத் தவிர வேறு காரியம் நடக்காது. அவள் இறந்த நாளிலிருந்து அந்தக் காலண்டரில் தாள் கிழிக்கப்படவில்லை.

வெளிநாட்டு உதவித் திட்டங்களை வகுப்பது என் தொழில். ஓய்வுக்குப் பின்னும் சிலர் கூப்பிடுகிறார்கள். இம்முறை கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குக் குடிநீர்க் குழாய். வழியும் நீருக்கு வாய்க்கால், அதன் முடிவில் மாடுகளுக்குத் தொட்டி. மூன்றும் ஒரே திட்டமாக அமைய வேண்டும் என்பது என் எண்ணம். தனித்தனியே வகுத்தால் குழாயடியில் சேறுதான் மிஞ்சும். நிதி தருபவர்களின் பெண் அதிகாரி, ஊர்ப் பெண்கள் நேரில் கேட்டால் மட்டுமே தொட்டிக்கு ஒப்புவதாகச் சொல்லியிருந்தார். அவர் நாடு திரும்புவதற்கு முந்தைய நாளில் நகரத்தில் கூட்டம் வைத்தேன்.

மகளிர் குழுத் தலைவி தொலைபேசியில் அழைத்தார்.

“இன்னா சார் இப்டி பண்ணிட்டீங்க? அன்னிக்கு பௌர்ணமி. நாங்க எல்லாரும் கிரிவலப் பாதையில வேர்க்கடலை விப்போம். அன்னிக்குதான் ஏவாரம் ஜாஸ்தி. வீட்ல அம்மா இருந்திருந்தா உங்கள இப்டி...”

நிறுத்திக்கொண்டார்.

“அந்த மேடத்த அங்கயே கூட்டிக்கினு வந்துடுங்க சார். கடல கொறிச்சிக்கினே பேசலாம்.”

பௌர்ணமியன்று மாலை, கிரிவலப் பாதையில் கடலை மூட்டையின் மேல் வரைபடத்தை விரித்தேன். அதிகாரியின் கேள்வியைத் தமிழில் சொன்னேன்: தொட்டி அவசியமா?

“தண்ணி வழிஞ்சா மாடு வரத்தான் செய்யும். வராதன்னு சொன்னா கேக்குமா?” என்றார் தலைவி.

பக்கத்தில் கடலை விற்றவர், “படத்த கொஞ்சம் ஓரமா தள்ளுங்க சார், கடலையே தெரியல. ஏவாரம் கெடுது!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மொழிபெயர்த்தபின் அதிகாரியும் சிரித்தார். தொட்டி திட்டத்தில் சேர்ந்தது.

விடைபெறும்போது தலைவி ஒரு பொட்டலம் தந்தார். “அடுத்த தபா எனக்கு போன் பண்ணி கேட்டுட்டு தேதி வைங்க.”

அதிகாரி தம் விடுதிக்குப் போனார். என் வீடும் மலை சுற்றும் கூட்டம் போகும் திசையிலேயே இருந்ததால் அதனோடு நடந்தேன். முன்னால் விரைந்த கணவர்களை மனைவிமார் பின்னாலிருந்து கூப்பிட்டு நிறுத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டொரு முறை நானும் நின்றேன்.

காலண்டர் அதே தாளோடு தொங்குகிறது. அடுத்த கூட்டத்துக்கான நாளைத் தலைவியிடம் கேட்டே குறித்தேன்.