வடக்கு வாய்க்கால்

காலை ஐந்தே முக்காலுக்குக் கிளாம்பாக்கத்தில் பேருந்து ஏறினேன். நெய்வேலி ஆர்ச் கேட்டுக்கு டிக்கெட் நூற்று எண்பது ரூபாய். பக்கத்து இருக்கையில் என் பையை வைத்திருந்தேன். பண்ருட்டி வரைக்கும் அதை எடுக்கச் சொல்ல ஆள் வரவில்லை. மனைவி போனபிறகு ஜன்னலோரம் யாருக்கு என்கிற சண்டையும் இல்லை. ஜன்னலோரம் அப்படியொன்றும் பெரிய சுகமில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது.

நெய்வேலிக்குப் போகிறவர்கள் சுரங்கத்தைப் பார்ப்பார்கள், உறவினரைப் பார்ப்பார்கள். நான் போனது ஒரு குளத்தைப் பார்க்க. கொரோனாவில் ஊரெல்லாம் முடங்கி, திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போனவர்கள் மூட்டையோடு திரும்பி வந்த வருஷம், நூறு நாள் வேலையில் வெட்டிய குளம் அது. கம்மாபுரம் பக்கத்துச் சிற்றூர். ஊர்ப்பெயரைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, விட்டுவிடுகிறேன். அந்த வேலைக்கு ஓவர்சீயர் நான்தான். அடுத்த மழைக்கு அந்தக் குளத்தில் ஒரு முழம் தண்ணீர்கூட நிற்கவில்லை. ‘பணி நிறைவு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மாற்றலில் போய், ஓய்வும் பெற்றுவிட்டேன். அங்கே அஞ்சலை என்றொரு பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கவேண்டியிருந்தது. நல்ல தூக்கம் வருகிற காலத்தில் இதெல்லாம் நினைவுக்கு வருவதில்லை.

முத்தாண்டிக்குப்பம் பக்கம் முந்திரி பூவெடுத்திருந்தது. ஒன்பதே முக்காலுக்கு ஆர்ச் கேட்டில் இறங்கினேன். ஆட்டோக்காரர் நாற்பதைத் தாண்டாதவர், பையை வாங்கிக்கொண்டே கேட்டார்.

“டவுன்ஷிப்ல எந்த பிளாக் சார்?”

“பிளாக் இல்லப்பா, மந்தாரக்குப்பம் பஸ் ஸ்டாண்டு.”

“குவார்ட்டர்ஸ்ல சொந்தக்காரங்க யாரும் இல்லீங்களா?”

“யாரும் இல்ல.”

அவர் கண்ணாடியில் என்னை ஒருதரம் பார்த்துக்கொண்டார். டவுன்ஷிப்பின் அகலமான தெருக்களில் மரங்கள் இரண்டு பக்கமும் கைகோத்து நின்றன. ஷிப்ட் பஸ் ஒன்று கடந்து போனது. பிறகு தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. எனக்கு ஏனோ என் வீட்டுக் கூடம் நினைவுக்கு வந்தது.

லாக்டவுனில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

“நான் சுரங்கத்துல கான்ட்ராக்ட்ல இருந்தேன் சார். அப்ப வேலையில்ல. எங்க ஊரு குள்ளஞ்சாவடி பக்கம். டிப்ளமோ படிச்சவன், எங்க அம்மாகூட நின்னு நூறு நாள் வேலையில ஏரி வெட்டினேன்.”

“அந்த ஏரி இப்ப எப்படி இருக்கு?”

“யாரு சார் போயி பாத்தா?” என்றார். கட்டணம் எண்பது ரூபாய்.

மந்தாரக்குப்பத்திலிருந்து டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள் என்னைச் சேர்த்து மூன்று பேர். கம்மாபுரத்துக்கு முன்னாலேயே இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடக்கவேண்டும். நடக்க நடக்க வடக்கே அந்த மலை உயர்ந்துகொண்டே வந்தது. மலை என்று ஊரார் சொல்கிறார்கள். சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடந்த மண்ணை எடுத்துக் கொட்டிக் கொட்டி உயர்ந்த மேடு. மேலே மரம்கூட வளர்ந்துவிட்டது.

என் தப்பும் அங்கேதான் இருக்கிறது. ஆபீசில் இருந்த கிராம வரைபடம் அந்த மேடு வருவதற்கு முன்னால் போட்டது. அதில் தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்கே போகும். நான் அதைப் பார்த்து மேற்குக் கரையில் குளத்துக்குத் தண்ணீர் வரும் வாய் வைத்தேன். ஆறடிக்கு ஒரு குழியாகச் சுண்ணாம்பில் கட்டம் போட்டு, முகக்கவசத்தோடு எல்லோரும் மண்வெட்டி பிடித்திருந்த நேரத்தில் அஞ்சலை நிமிர்ந்து, தண்ணீர் வடக்கிலிருந்துதான் வரும் என்றாள். “நீ என்ன இன்ஜினீயரா?” என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் மறுபடியும் சொன்னாள். மறுநாளிலிருந்து ஒரு வாரம் அவளைக் கூட்டத்திலிருந்து பிரித்து, கடைசி மூலையில் வேலிக்காத்தான் முள் வெட்ட விட்டேன்.

பதினொன்றே முக்காலுக்குக் கரை ஏறினேன். குளம் நிறையத் தண்ணீர்.

வேறு குளத்துக்கு வந்துவிட்டோமோ என்று தேடிப் போய் சிமெண்ட் பலகையைப் பார்த்தேன். எழுத்து அழிந்திருந்தாலும் அதேதான். மேற்கே நான் வைத்த வாயில் புல் மண்டிக் கிடந்தது. வடக்குக் கரையை அறுத்துக்கொண்டு ஒரு வாய்க்கால் மேட்டடி வரைக்கும் போயிருந்தது. அது என் வரைபடத்தில் இல்லாதது. சந்தோஷப்பட வேண்டிய இடம். எனக்கு அது வரவில்லை.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண்ணிடம் போனேன். ஐம்பது வயது இருக்கும்.

“இங்க அஞ்சலைன்னு ஒருத்தங்க...”

“நான்தாங்க. நீங்க யாரு?”

அன்றைக்கு இரண்டு பேருக்குமே முகத்தில் பாதி மூடியிருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் முகத்தை நான் பார்த்ததே இல்லை. கோழைத்தனம் முந்திக்கொண்டது. “குளம் பாக்க வந்தேம்மா, மெட்ராஸ்லேர்ந்து” என்றேன்.

“கொளத்தப் பாக்க மெட்ராஸ்லேர்ந்தா? இருக்கட்டும், பாருங்க.”

“இந்த வாய்க்கால் எப்ப வெட்டினது?”

“அது நாங்களா வெட்னதுங்க. மொத மழ பேஞ்சிது, கொளம் காஞ்சிக்கினு கெடந்துது. தண்ணியெல்லாம் மலையிலேர்ந்து எறங்கி ரோட்டுல போயிக்கினு இருக்கு. பாத்துக்கினு சும்மா இருக்க முடியுங்களா? ஒம்பது பொம்பளைங்க, ஆறு நாளு. லிஸ்டுல பேரு இல்ல, கூலி இல்ல, போட்டோ எடுக்கல. வூட்டு மமுட்டியத்தான் எடுத்தாந்தோம்.”

“முதல்லயே இந்தப் பக்கம் வாய் வெச்சிருக்கலாமே.”

“ஒரு ஓவர்சீயரு வந்தாருங்க. தலகீழா நின்னு சொன்னேன். அவுரு காயிதத்தப் பாத்துக்கினே இருந்தாரு, நெலத்தப் பாக்கவே இல்ல.”

அவள் குரலில் கோபமில்லை. போன வருஷத்து வெயிலைப்பற்றிப் பேசுகிற குரல். இப்படியே தலையாட்டிவிட்டு இரண்டு மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம். குளம் நிறைந்துவிட்டது, இனி மன்னிப்பு எதற்கு என்றுகூட மனது வக்கீல்போல வாதாடியது. ஆனாலும் கைக்குட்டையை எடுத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு அவளைப் பார்த்தேன்.

அவள் கையிலிருந்த கோலைத் தரையில் ஊன்றினாள்.

“கண்ணு அதேதான்” என்றாள்.

“தப்பு என்மேலதாம்மா. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

“வாங்க இப்படி.” வாய்க்கால் குளத்தில் சேருகிற இடத்துக்கு அழைத்துப்போய் நிறுத்தினாள். மேட்டடியிலிருந்து கால்விரல் நனையும் அளவுக்குக் கசிந்து வந்த தண்ணீர் குளத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. “இப்ப சொல்லுங்க. எந்தப் பக்கத்துலேர்ந்து வருது?”

“வடக்கு.”

“அதத்தாங்க அன்னிக்கும் சொன்னேன்.”

நான் மறுபடியும் மன்னிப்புக் கேட்டேன். அவள் கையை அசைத்தாள்.

“கொளம் காஞ்சதுக்கு ஒண்ணுமில்லீங்க, வெட்டிக்கினோம். முள்ளு வெட்ன வேலையும் ஒண்ணுமில்ல, எங்களுக்குப் பழக்கந்தான். ஆனா ஒரு வாரம் ஒத்தையில வுட்டீங்க பாருங்க. அவங்கல்லாம் அந்தாண்ட சிரிச்சிப் பேசிக்கினு வேல செய்றாங்க, சத்தம் மட்டும் வருது. பேச்சுத்தொணைக்கு ஒரு ஆளில்ல. அது மட்டும் மறக்கலீங்க.”

ஆடு ஒன்று உளுந்துக் கொல்லைப் பக்கம் திரும்பியது. குரல் கொடுத்து அதை மடக்கிவிட்டு, ஊர் வழக்கமாய் விசாரிக்கிற மாதிரிக் கேட்டாள்.

“வூட்ல யாரு யாரு இருக்காங்க?”

“நான் ஒருத்தன்தாம்மா. அவங்க தவறிட்டாங்க.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்ப ஒங்களுக்கே தெரியும்ங்க” என்றாள்.

குத்திச் சொல்லவில்லை, குத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கடைக்குப் போய் டீ குடித்துவிட்டுப் போங்கள் என்று வழி காட்டினாள். நான் போகவில்லை. ரோட்டுக்கு வரும்வரை ஆடுகளை அவள் அதட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, அப்புறம் கேட்கவில்லை.

நாலரை மணிக்கு ஆர்ச் கேட்டில் சென்னைப் பேருந்து கிடைத்தது. நல்ல கூட்டம். முந்தி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பையைப் பக்கத்து இருக்கையில் வைத்திருந்தேன். என் வீட்டில் கடிகாரமும் குளிர்சாதனப்பெட்டியும்தான் சத்தம் போடும், அதுவும் கவனித்துக் கேட்டால். அவளுக்கு நான் கொடுத்தது ஒரு வாரம். எனக்கு இது நாலாவது வருஷம். இடம் இல்லாமல் நின்றுகொண்டிருந்த ஒரு பெரியவரைக் கூப்பிட்டு, பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ஜன்னலோரத்தை அவருக்கு விட்டேன். எந்த ஊர் நீங்கள் என்று நானேதான் முதலில் கேட்டேன்.