ஏணியடியில் விட்ட சப்பாத்து

என் மகளுக்கு என் முழங்காலில் நம்பிக்கை இல்லை. அமெரிக்கப் பாலைவனம் பார்க்க மொன்றியலிலிருந்து புறப்படும்போதே நிபந்தனை போட்டுவிட்டாள். முதல் நாள், மலைக்குடைவுக்குள் புவெப்லோ என்ற பழங்குடி மக்கள் கட்டிய பழைய வீடுகள். அங்கே ஏணி ஏறிக் காட்டினால் மறுநாள் பள்ளத்தாக்கு நடைக்கு என்னையும் கூட்டிப்போவாள். இல்லாவிட்டால் நான் ஹோட்டல் அறையில் டிவி பார்க்க வேண்டும். டிவி பார்க்கவா இவ்வளவு தூரம் விமானம் ஏறினேன்?

மொன்றியலின் லாசால் பகுதியில் நான் இருப்பது மூன்றாம் மாடி. வெளியே இரும்புப் படிகள், பனிக்காலம் முழுக்க ஐஸ் பிடித்துக் கிடக்கும். அரிசி மூட்டையோடு அதில் ஏறி இறங்குகிறவளுக்கு ஏணி ஒரு பொருட்டா? இருந்தும் ஐந்து மாதம், வேலைக்குப் போகையில் மெத்ரோ ரயில் நிலையத்தில் நகரும் படியை விட்டுவிட்டுக் கல்படியில்தான் ஏறினேன். மகளிடம் மூச்சு விடவில்லை.

அந்த இடத்தைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டேன். செங்குத்துப் பாறையின் குடைவுக்குள் கல்வீடுகள், ஒன்றின் மேல் ஒன்றாக. குனிந்து நுழைகிற அளவு சின்ன வாசல்கள். மேலே பாறையில் அடுப்புப் புகையின் கறுப்பு இன்னும் ஒட்டியிருந்தது. மற்றவர்கள் படம் எடுத்தார்கள். எனக்கோ யாரோ கறி வைத்து, பிள்ளைக்குச் சோறு தீத்திய வீடாகவே தெரிந்தது.

வழிகாட்டி அந்த மக்களின் வழியில் வந்தவர், என்னை விடக் கொஞ்சம் இளையவர். அவர் முன்னால் ஏற, பத்துப் பேர் பின்னால் போனார்கள். மகளும் போனாள். கடைசியாக நான். ஏணியடியில் சப்பாத்தைக் கழற்றி, சோடியாக ஓரத்தில் வைத்துவிட்டு ஏறினேன். யோசித்துச் செய்ததில்லை, கை தானாகப் போனது. மேலே நின்ற மகள் என் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அரை மணி நேரம் சுற்றிப் பார்த்த பிறகு வழிகாட்டி சொன்னார், வந்த ஏணியால் பார்வையாளர்களை இறங்க விடுவதில்லை, வேறு பாதையால் போக வேண்டும், கூர்க்கல்லும் முள்ளும் இருக்கும், கவனம் என்று. அப்போதுதான் மகள் குனிந்து பார்த்தாள்.

"அம்மா, சப்பாத்து எங்க?"

"கீழ, வாசல்ல."

"எந்த வாசல்?"

"ஏணியடியில. ஆரோ ஒராளின்ர வீட்டுக்குள்ள சப்பாத்தோட வாறதே?"

"ஆக்களில்லாத வீடம்மா! உங்களோட ஏலாது. நாளைக்கு நீங்கள் வரவேண்டாம்."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. ஏணியை வென்றும் தோற்றுப்போனேனே. "வெறுங்காலோடயே இறங்கிறன், பார்," என்று பாதைப் பக்கம் திரும்பினேன்.

வழிகாட்டி வந்து என்ன பிரச்சினை என்று கேட்டார். மகள் முகம் சிவந்து, மன்னிப்புக் கேட்கிற குரலில் ஆங்கிலத்தில் விளக்கினாள். அம்மா இதை ஆட்கள் இருக்கிற வீடு என்று நினைத்துவிட்டார், எங்கள் வழக்கம் அப்படி என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. "வீடுதான்," என்றார். "ஆளில்லை என்று நாங்கள் சொல்வதில்லை."

எல்லோரையும் நிற்கச் சொல்லிவிட்டுத் தானே ஏணியால் இறங்கினார். திரும்பி வந்தபோது என் சப்பாத்து அவர் கையில். எனக்குக் கூசிப்போனது. அடுத்தவர் கையால் என் சப்பாத்தைத் தூக்கவைப்பதா? வாங்க ஓடினேன். மகள் முந்திவிட்டாள். என்னை ஒரு கல்லில் இருத்தி, முன்னால் மண்டியிட்டு, அவளே கயிற்றைக் கட்டினாள். முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

"நாளைக்கு இதைவிட இறுக்கிக் கட்டவேணும்," என்றாள்.

"நாளைக்கு நான் வரவேண்டாமெண்டாய்?"

"பள்ளத்தாக்கில வீடு ஒண்டும் இல்லையாம். கழட்டமாட்டீங்கள்தானே?"

"இருந்தால் கழட்டுவன்," என்றேன்.