மஜ்ஜை நல்லாயிருக்கு

மூன்று வருடமாக என் ரத்தத்தில் வெள்ளையணுக்கள் குறைவு. கோவில்பட்டியில் எந்த லேபில் பார்த்தாலும் அதே கதைதான். மற்றபடி எனக்கு ஒன்றும் இல்லை. காலையில் ஜெராக்ஸ் கடையைத் திறந்தால் சாயங்காலம்வரை நின்றுகொண்டேதான் வேலை. ஆனாலும் இப்படிக் குறைந்தே இருப்பது சிலருக்கு ரத்தப் புற்றுநோயின் தொடக்கமாக இருக்கலாம் என்று, திருநெல்வேலி டாக்டர் என் இடுப்பெலும்பில் ஊசியை இறக்கி மஜ்ஜை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வரப் பத்து நாள். அந்தப் பத்து நாளும் என் கணவர் உளுந்துக் காட்டுக்குப் போகாமல் கடையிலேயே உட்கார்ந்திருந்தார். நான் இருமினால் எழுந்து நின்றார்.

டாக்டர் தாளைப் புரட்டினார்.

"மஜ்ஜை நல்லாயிருக்கும்மா. கேன்சர் இல்ல. சிலருக்கு எண்ணிக்கையே இவ்வளவுதான். பின்னால கேன்சரா மாறக் கொஞ்சம் வாய்ப்பு இருக்கு, அதனால ஆறு மாசத்துக்கு ஒருதடவ ரத்தம் பாக்கணும். காய்ச்சல் வந்தா அன்னைக்கே வரணும்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. அழுகிறேன் என்று நினைத்துக் கணவர் முதுகைத் தடவினார்.

"ஏட்டி, நல்ல சேதிதான சொல்லுதாவ!"

திரும்புகையில் ரயில் கடம்பூரில் நின்றதும் போளி மணத்தது. நான் குதித்து இறங்கிவிட்டேன். "வண்டி கெளம்பிரும்டி" என்று அவரும் பின்னாலேயே ஓடிவந்தார். நான் இரண்டாவது போளியை வாயில் வைத்திருக்கும்போது வண்டி நகர்ந்தது. என் ரிப்போர்ட் ஃபைல் சீட்டிலேயே போய்விட்டது.

"மூணு வருச ரிப்போர்ட்டும் அதுலல்லா இருக்கு!"

"அதுவும் கோவில்பட்டிக்குத்தான போகுது? நாமளும் அங்கனதான் போறோம்."

அவர் முறைத்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. போளிக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னம்மா விசேசம்?"

"எனக்குக் கேன்சர் இல்ல அண்ணாச்சி!"

கத்தியே விட்டேன். பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது. போளிக்காரர் வாயெல்லாம் பல்லாக இன்னொரு போளியை என் கையில் திணித்தார்.

ஸ்டேஷன் மாஸ்டர் போன் போட்டுச் சொல்ல, ஃபைலைக் கோவில்பட்டியில் இறக்கி வைத்திருந்தார்கள். நாங்கள் பஸ்ஸில் போய் வாங்கிக்கொண்டோம். மறுநாள் விடிந்ததும் அவர் காட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

போன வாரம் ஆறு மாதச் சோதனை. எண்ணிக்கை ஏறவில்லை, இறங்கவும் இல்லை. லேப் பெண் தாளை நீட்டியபடி என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். எனக்கோ பரீட்சையில் பாஸானதுபோல இருந்தது.